நாற்பத்தேழாம் எண் கண்ணாடி

ஜனவரி 6

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நமது லென்ஸ் தொழிற்சாலைக்கு வரும் ஜூன் இரண்டாம் தேதி அறுபது வயது நிறைகிறது. அதையொட்டி நிறுவனத்தின் வரலாற்றையும் கண்டுபிடிப்புகளையும் ஒரு நூலாக வெளியிட நிர்வாகம் முடிவு செய்துள்ளது. முன்னாள் ஊழியர் என்ற முறையில் தங்கள் நினைவுகளை இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பரிசோதனைப் பிரிவுத் தலைவர்

அண்ணா, மேலே இருப்பது எழுபது பேருக்குப் போகிற டைப் கடிதம். உங்களுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன். போன் பண்ணலாம். பதினைந்து வருஷத்துக்கு முன் அப்பா போன செய்தியைச் சொன்னபோது "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தீர்களே, அதே மாதிரி வைத்துவிடுவீர்கள். நீங்கள் வராததை நான் மறக்கவில்லை. மறந்த மாதிரி நடிக்கவும் எனக்கு வராது. ஆனால் பாலிஷ் பிரிவின் பழைய கதை தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். எனக்காக வேண்டாம், கம்பெனிக்காக எழுதுங்கள்.

தங்கை

&nbsp;

ஜனவரி 21

பரிசோதனைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? என் முதுகில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள் நீ. 'மதிப்பிற்குரிய ஐயா'வைப் படித்ததும் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

கம்பெனிக்காக ஒரு வரி எழுத மாட்டேன். என் மூக்குக் கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம் இல்லை, கை சும்மா இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பெரியவர் இந்தத் தொழிற்சாலையை ஏதோ லட்சியத்தோடு ஆரம்பித்தார் என்று அளந்துவிடாதே. ராணுவம் ஏலம் விட்ட உடைந்த பைனாகுலர் மூட்டை ஒன்று மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பெரியவர், இருபத்தொரு வயது அப்பா. நாற்பது பைனாகுலரைப் பிரித்து ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்த்ததில் ஒரு குழல் மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். முதலில் வாங்கிய ஆள் மறுநாளே கொண்டுவந்து, "இதுல பாத்தா மாமியார் ரெண்டாத் தெரியறாங்கய்யா, எனக்கு ஒருத்தியே தாங்கல" என்று திருப்பிக் கொடுத்தாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புத்தகத்தில் போடு.

அடுத்து கீல், அந்தத் தார் மாதிரிப் பிசின். பாலிஷ் செய்ய லென்ஸுக்கு அடியில் கீல் மெத்தை வேண்டும் என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குச் சொல். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த கீல் ஒரு வருஷம் நின்றுபோயிற்று. அப்பா சாலை போடுகிற தாரையும் குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் காய்ச்சிக் கலந்தார். பதம் பார்க்கக் கருவி ஏது? ஒரு துண்டை வாயில் போட்டுக் கடிப்பார். நொறுங்கினால் கெட்டி, பல்லில் ஒட்டினால் இளசு. நடுவே ஒரு பதம் உண்டு, அது அவருக்குத்தான் தெரியும். கம்பெனி இன்று 'எங்கள் சொந்தக் கலவை' என்று பீற்றிக்கொள்கிறதே, அதைக் கண்டுபிடித்தது அப்பாவின் கடைவாய்ப்பல்.

மூன்றாவது அந்த மேல்பூச்சு. காற்றை உறிஞ்சிய அறைக்குள் லென்ஸை வைத்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு கொடுத்தோம். வெளிச்சம் பட்டுத் திரும்பாமல் உள்ளே போகும், லென்ஸ் கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கும். முதல் பெட்டி போன இரண்டாம் வாரம் வியாபாரி நேரிலேயே வந்துவிட்டார். "கறை படிஞ்ச சரக்கை அனுப்ப வெக்கமா இல்ல? எம் பசங்க ரெண்டு நாள் சோப்புப் பொடி போட்டுத் தேச்சு, ஒருவழியா வெளுக்க வச்சுட்டாங்க!" பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஐந்து மாத உழைப்பு சாக்கடையில் போயிருந்தது.

இரண்டு பக்கம் முடிந்தது. உன் கணக்கு சரி.

ஒன்று கேட்கிறேன். இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கேமரா லென்ஸைப் பற்றி உன் புத்தகம் என்ன சொல்கிறது? அதை எழுது. அப்புறம் நான் மேற்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

&nbsp;

பிப்ரவரி 4

அண்ணா,

சரி, 'நீ'யே.

சோப்புப் பொடி கதையைப் படித்துவிட்டு ஆபீஸில் சத்தமாகச் சிரித்தேன். உன் கடிதத்துக்குச் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

கேமரா லென்ஸைப் பற்றிக் கேட்டாய். ஒளிக்க என்ன இருக்கிறது. வரைவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மாஸ்டர் கண்ணாடி உண்டு. பாலிஷ் முடிந்த லென்ஸின் மேல் மாஸ்டரை வைத்தால் இரண்டுக்கும் நடுவே வண்ண வளையங்கள் தெரியும். வளையம் வட்டமாக இருந்தால் லென்ஸ் சரி. கோணினால் அந்த இடத்தில் பிழை. ஒரு தலைமுடியை எண்பதாகப் பிளந்தால் வருகிற கனம்தான் மூன்று வளையப் பிழை. எல்லா லென்ஸையும் மாஸ்டர் அளக்கிறது. மாஸ்டரை அளப்பது எதுவும் இல்லை.

'நில அளவை விமானங்களுக்காகப் பன்னிரண்டு பெரிய கேமரா லென்ஸ்கள் செய்யும் வாய்ப்பு வந்தது. முதல் லென்ஸின் விளிம்பு ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் மூன்று வளையம் கெட்டது. திருத்தி அனுப்பியும் படங்களின் ஓரம் மங்கலாக வந்ததால் வாய்ப்பு கைவிட்டுப் போனது. பெரிய லென்ஸ் பிரிவு மூடப்பட்டு நாற்பது பேர் வேலை இழந்தனர்.'

உன் பெயரைப் போடவில்லை. அதையே ஒரு தயவு என்று நினைத்திருந்தேன்.

நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? நாற்பத்தேழாம் எண் மாஸ்டரை வைத்தேன். விளிம்பில் மூன்று வளையம் கோணியது. பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. செய்தவன் என் அண்ணன். கண்ணை மூடிக்கொண்டு 'சரி' போட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ எல்லார் முன்னாலும் "மாஸ்டர்தான் தப்பு!" என்று கத்தினாய். பிரிவே சிரித்தது. அப்புறம் என்னைப் பார்த்து "அப்பாவோட ரப்பர் ஸ்டாம்ப்" என்றாய். அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். உனக்கென்ன, போய்விட்டாய். இருந்தவர்கள் நாங்கள். வேலை போனவர் ஒருவரின் மனைவி நம் வாசலில் நின்று "உங்கண்ணன் கை விளங்குமா?" என்று கேட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன்.

அப்பா ரிடையர் ஆன பிறகு எட்டு வருஷம் மாடி ஜன்னலோரம்தான் இருந்தார். அந்தச் சோடாப்புட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே பஸ் நிறுத்தத்தையே பார்ப்பார். கால் மணிக்கு ஒரு தரம் துடைப்பார். கடைசி வாரம் நினைவு வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் ஒரே பேச்சு: "கண்ணாடி ஃபிரேம் லூசா இருக்கு. பெரியவன் வந்தா குடு. கழட்டிப் பாத்து மாட்டச் சொல்லு." பெரியவன் வரவில்லை. கண்ணாடி என் அலமாரியில் கிடக்கிறது. ஃபிரேம் லூசும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பார்த்துவிட்டேன்.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழித்துப் போட மனசில்லை.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 19

வரைவைப் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். 'மாஸ்டரை அளப்பது எதுவும் இல்லை' என்ற வரியை நான்கு தரம் படித்தேன். அதை எழுதும்போது உன் கை கொஞ்சமாவது நின்றதா?

கவனக்குறைவாம். பதினோரு வாரம் அந்த லென்ஸோடு குடித்தனம் நடத்தினேன். கையில் ஏறிய பாலிஷ் பொடியின் சிவப்பு இரண்டு மாதம் போகவில்லை. உங்களுக்கெல்லாம் மாஸ்டர் ஒன்றுதான் தெரியும். எனக்கு வேறு ஒரு வழியும் தெரியும். ஒரு சைக்கிள் விளக்கு, தகரத்தில் ஊசியால் குத்திய துளை, ஒரு சவர பிளேடு. லென்ஸின் குழிந்த பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்து குவிகிற இடத்தில் பிளேடைக் குறுக்கே நகர்த்த வேண்டும். அப்போது கண்ணாடியின் மேடும் பள்ளமும் சாய்ந்த வெயிலில் தெரிகிற சாலை மாதிரி தெரியும். அது கைவர எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாது. உன் கண்டுபிடிப்புப் பட்டியலில் அது இருக்காது. போகட்டும்.

மாஸ்டர் சொன்னபடி செய்தால் பிளேடு விளிம்பில் பிழை காட்டியது. பிளேடு சொன்னபடி செய்தால் மாஸ்டர் பிழை காட்டியது. நான் பிளேடை நம்பினேன். என் லென்ஸ் சரியாக இருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்து, மாஸ்டருக்குப் பொருந்துகிற மாதிரி விளிம்பைத் தேய்க்க வைத்தார்கள். நல்லதைக் கெடுத்து அனுப்பிவிட்டு, ஓரம் மங்கலாக வருகிறது என்றால் வராமல் என்ன செய்யும்? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

உன் கையெழுத்துக்காக எனக்குக் கோபம் இல்லை. "ஏன்ணா அப்படிச் சொல்றே?" என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிளேடைக் கையில் கொடுத்துக் காட்டியிருப்பேன்.

ஒன்று செய். நாற்பத்தேழைப் பெட்டியிலிருந்து எடு. விளிம்பில் எண் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் ஊசியை விட்டுக் கிளறு. என்ன நிறம் வருகிறது என்று பார். மாஸ்டர் ஒருநாளும் பாலிஷ் மேஜைக்குப் போகக் கூடாது. முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. புதிதாக லேசர் கருவி வாங்கியிருக்கிறீர்களாமே, அதன் முன்னாலும் வை. அதற்கு யார் அண்ணன், யார் அப்பா என்று தெரியாது.

&nbsp;

மார்ச் 12

அண்ணா,

ஊசியோடு போனேன். உன் வாயை அடைக்கத்தான் போனேன். 4-இன் மூலையிலும் 7-இன் மடிப்பிலும் சிவப்பு. இருபத்தைந்து வருஷமாகக் காய்ந்து கல்லாகிப்போன பாலிஷ் பொடி. வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன், ஒரு சிட்டிகைகூட இல்லை. 

லேசர் கருவியில் வைத்தோம். கருவி பார்க்கிற பெண் திரையைக் காட்டி, "மேடம், இது விளிம்பு பூரா மூணு வளையம் இறங்கியிருக்கு. இதையா மாஸ்டர்னு வச்சிருந்தீங்க?" என்றாள். சின்ன லென்ஸ்களுக்கு நடுப்பகுதிதான் பயன்படும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. விளிம்புவரை தேவைப்பட்ட முதல் லென்ஸ் உன்னுடையது.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் மாப்பிள்ளையிடம்கூட.

அந்த வாய்ப்பு வருவதற்கு முந்தைய வருஷம், ஒரு சனிக்கிழமை. அவசரமாக நாற்பத்தேழைத் துடைத்தேன். தவறான டப்பாவிலிருந்து துணியை எடுத்துவிட்டேன். துணியில் ஒரே ஒரு மணல்துகள் இருந்திருக்கிறது. விளிம்போரம் நகம் நீளத்துக்குக் கீறல். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். துணியில் சுற்றி அப்பாவிடம் கொண்டுபோனேன். "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, மூஞ்சியக் கழுவிக்க. நான் பாத்துக்கறேன்" என்றார். திங்கட்கிழமை பெட்டியில் இருந்தது. கீறல் இல்லை.

எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் இல்லையா, அதுதான். நீ "மாஸ்டர் தப்பு" என்று கத்தியபோதாவது உறைத்திருக்க வேண்டும். சத்தியமாக உறைக்கவில்லை அண்ணா. உறைக்க வேண்டாம் என்று நானே எங்கோ பூட்டி வைத்திருந்தேனா என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். 

உன் பதினோரு வாரத்தையும் உன் பேரையும் நாற்பது பேர் வேலையையும் தின்றது நான் எடுத்த ஒரு துணி. திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் விழாவுக்கு வா. நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன்.

சில்லு

(நீ வைத்த பெயர். கண்ணாடிச் சில்லு பொறுக்கிக்கொண்டு உன் பின்னாலேயே திரிந்ததால் வைத்தாய். இன்னும் போட்டுக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.)

&nbsp;

ஏப்ரல் 9

அண்ணா,

நாலு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து போகிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். புதிய பக்கத்தை முதலாளியிடம் கொடுத்தேன். பெரியவரின் பேரன், தங்கமான பிள்ளைதான். படித்துவிட்டு, "மேடம், இருபத்துநாலு வருஷம் ஆச்சு. உங்கப்பாவும் இல்ல, அந்த ஆர்டரும் இல்ல. விழாவும் அதுவுமா இதை ஏன் கிளறணும்? போனது போகட்டும்" என்றார். "போனது எங்கண்ணன்" என்றேன். என் பெயரையும் நான் எழுதிய எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எழுந்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டு, "போடுங்க. ஆனா கம்பெனி பேர்ல வேணாம், உங்க பேர்ல போடுங்க" என்றார். அது நியாயம்தான்.

இப்போது பக்கம் இப்படி ஆரம்பிக்கிறது: 'அந்த லென்ஸ் சரியாக இருந்தது. அதைச் செய்தவர் சொன்னதும் சரி. மாஸ்டரில் கீறல் போட்டது நான். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டதும் நான்.'

அதற்கு அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. கீறலைப் பாலிஷ் செய்து போக்கியது அப்பா. அதை எழுதுவதா? மாஸ்டர் கெட்டுப்போனது அவருக்கே தெரியாமல் நடந்தது என்று எழுதலாமா? ஒரு கீறல்தானே என்று நினைத்திருப்பார். நீயே சொல். மே இருபதாம் தேதிக்குள் அச்சகம் கேட்கிறது. நீ சொல்லாமல் ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.

சில்லு

&nbsp;

ஏப்ரல் 27

சில்லு,

உன் மார்ச் மாதக் கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். திறந்தால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்பாவுக்குத் தெரியாது என்கிறாய். தெரியும். நான் கேட்டேன். நீ தள்ளுபடி எழுதிய அன்று, வேலை முடிந்து எல்லாரும் கை கழுவுகிற குழாயடி. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். எண்ணில் சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "அப்பா, நாப்பத்தேழைப் பாலிஷ் பண்ணீங்களா?" அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தை நேராகப் பார்த்து, "இல்ல" என்றார். அப்புறம் நான் யாரிடம் என்ன சொல்வேன்? அவர் ஆமாம் என்றிருந்தால், வேலையை விட்டு நானே போயிருப்பேன், பழியையும் நானே சுமந்திருப்பேன். அது வேறு. இல்லை என்றாரே.

தன் கை பிசகியதை ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை என்று இத்தனை வருஷமும் நினைத்தேன். இப்போது நீ சொல்கிறாய், உனக்காக என்று. என்னைவிட நீ அவருக்கு உசத்தி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. கடையில் உட்கார்ந்து அழுதேன். மூக்குக் கண்ணாடி வாங்க வந்த பாட்டி ஒருத்தி பயந்துபோய், "நான் அப்புறமா வரேம்ப்பா" என்று போய்விட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கிளம்பி வந்த மறுவருஷம், ஒரு மத்தியானம், அப்பா இந்தக் கடை வாசலில் நின்றார். உங்களிடம் ஏதோ சிநேகிதர் வீட்டுக்கு என்று சொல்லியிருப்பார். கையில் துணிப்பை. "கண்ணு சரியாத் தெரியல. ஒரு கண்ணாடி போடணும்" என்றார். நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"மூணாவது வரி தெரியுதா?"

"தெரியல."

"இப்ப?"

"இப்பத் தெரியுது."

இவ்வளவுதான் பேசினோம். ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானாகக் கேட்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து நான் லென்ஸ் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லவில்லை. எனக்கு உள்ளே கொதித்தது. கிட்டப்பார்வை லென்ஸ், விளிம்பு நல்ல கனம். இடது லென்ஸின் விளிம்பில், ஃபிரேமுக்குள் மறைகிற இடத்தில், வைர முனையால் 47 என்று கீறினேன். அதில் செம்பொடியைத் தேய்த்தேன். ஃபிரேமை மாட்டிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் பார்த்தார். "தெளிவா இருக்கு" என்றார். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

உன் அலமாரியில் கிடப்பது அதுதான். சாகிற வரைக்கும் அதைத்தான் போட்டிருந்தார் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படி ஒன்றைக் கீறிக் கொடுத்துவிட்டதால்தான் அன்று நீ போன் பண்ணியபோது "சரி" என்று வைத்தேன். எந்த முகத்தோடு வந்து அவர் முகத்தைப் பார்ப்பது?

அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அந்த லென்ஸைக் கழற்றி எண்ணைத் தேய்த்து அழித்துவிடு. பெற்றவர் கண்ணில் நான் செய்த வேலை அது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

&nbsp;

மே 11

அண்ணா,

மூன்று நாள் அலமாரிப் பக்கமே போகவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் வெளியே போன பிறகு எடுத்தேன். வெந்நீரில் ஃபிரேமை நனைத்து இளக்கி, கட்டை விரலால் தள்ளினேன். இடது லென்ஸ் கழன்று வந்தது. 47 இருந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. அழிக்கத்தான் கல்லைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

பிடித்துக்கொள்ள வசதியாக லென்ஸைத் திருப்பினேன். உன் எண்ணுக்கு நேர் எதிர் விளிம்பில் இன்னொரு எழுத்து இருந்தது. உன் கை இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பாவின் கை. கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கிறது.

'ஆமாம்.'

ஒரே வார்த்தை. அதிலும் செம்பொடி தேய்த்திருக்கிறார்.

அண்ணா, எந்த லென்ஸைக் கையில் கொடுத்தாலும் கழற்றி விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார், உனக்குத் தெரியாதா? அன்றைக்கே, பஸ்ஸிலேயேகூடப் பார்த்திருப்பார். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி, அதே இடத்தில் வைத்து மூடிவிட்டார். வாயால் சொல்ல வரவில்லை அவருக்கு.

"ஃபிரேம் லூசா இருக்கு. பெரியவன் வந்தா குடு. கழட்டிப் பாத்து மாட்டச் சொல்லு." கழட்டிப் பாத்து என்றார் அண்ணா. ஒவ்வொரு தரமும் அதைச் சேர்த்துத்தான் சொன்னார். நான் பெரிய பரிசோதகி, ஃபிரேமை ஆட்டிப் பார்த்துவிட்டு, லூசு இல்லை, பிதற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். உன் மேல் இருந்த கோபத்தில் பதினைந்து வருஷம் பூட்டி வைத்தேன். ஒரு பார்சல் போட்டிருந்தால் போதும். உன் லென்ஸைத் தள்ளுபடி செய்தேன், அவர் பதிலையும் தள்ளுபடி செய்துவிட்டேன்.

அழிக்கவில்லை. உன் எண்ணையும் அழிக்கவில்லை. லென்ஸை மாட்டிப் பஞ்சு வைத்த பெட்டியில் போட்டிருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பட்டுமா?

பக்கத்தில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சில்லு

&nbsp;

மே 17

சில்லு,

தபாலில் போடாதே. உடைந்தால் எனக்கு வேறு இல்லை.

அந்த வரியை இப்படி எழுது: 'கீறலைப் பாலிஷ் செய்தவர் எங்கள் அப்பா. செய்ததை அவர் ஒப்புக்கொண்டார்.' அவ்வளவு போதும். குழாயடியில் நடந்தது எனக்கும் அவருக்கும். அதைப் புத்தகத்தில் போடாதே. வேலை போன நாற்பது பேரில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பு. வாசலில் வந்து கேட்டாளே, அந்த அம்மா உயிரோடு இருந்தால் அவளுக்கு முதலில் அனுப்பு.

இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் தலையை நிமிர்த்தி "என்னப்பா?" என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். உன்னைக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் உன்னைக் குறை சொன்னேன். நானும் கேட்கவில்லை. நம் வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

எட்டு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது வயசான காலத்துப் பொழுதுபோக்கு என்று தாண்டிப் போய்விட்டேன். தூரத்தில் இருப்பது தெரிவதற்குப் போடுகிற கண்ணாடி அது, நானே பவர் பார்த்துப் போட்டுக் கொடுத்தது. கால் மணிக்கு ஒரு தரம் எதற்குத் துடைத்தார் என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு வரமாட்டேன். வீட்டுக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணி பஸ். இப்போதும் அதே இடத்தில்தானே நிற்கிறது? நான் இறங்கும்போது அந்த ஜன்னலில் நீயாவது உட்கார்ந்திரு.

அண்ணன்